வெள்ளை பெயிண்டுக்கு அடியில் ஒரு வரி

என் டாக்சி இனி ரயில் நிலைய வாசலில் நிற்கலாமா, கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல மூன்று பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். பிஸ்கட் டப்பாவுக்குள் பதினான்கு சீட்டு. முதல் சீட்டில் வந்தவன் நல்லவன். இரண்டாவதாக வந்தவன் தூங்குமூஞ்சி, ஆனாலும் பாதகமில்லை. மூன்றாவது சீட்டைப் பிரித்தவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மீசை" என்று படித்தார். என்னை இந்த வாசலிலிருந்து விரட்ட இந்த உலகத்தில் ஒருத்தருக்கு ஆசை இருக்குமென்றால், அது அந்த மனிதருக்குத்தான் இருக்கும். அவரைத் தலைமைப் பதவியிலிருந்து இறக்கியவனே நான்தானே!

என்னைப் 'பட்டாசு' என்று கூப்பிடுவார்கள். ஏன் என்று கேட்காதீர்கள், கேட்டால் கோபம் வரும். பதினாறு வருடமாக இந்த வாசலில் டாக்சி ஓட்டுகிறேன். மொத்தம் பத்தொன்பது வண்டி. வந்த வரிசையில் நிற்க வேண்டும், முதல் வண்டிக்கு முதல் சவாரி. எங்களுக்குச் சோறு, மானம், தூக்கம் எல்லாமே அந்த வரிசைதான். வரிசையில் இடம் இல்லாத டாக்சிக்காரன் தெருத் தெருவாகச் சுற்றி, கை நீட்டுகிறவர் சவாரிக்குத்தான் நீட்டுகிறாரா, சோம்பல் முறிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே வயதாகிப் போக வேண்டியதுதான்.

எங்கள் வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் இருக்கிற வண்டி கிளம்பினால் பின்னால் இருக்கிறவர்கள் இன்ஜினைப் போடமாட்டோம், இறங்கித் தள்ளுவோம். இருபது அடிக்கு யார் எரிபொருளை எரிப்பது? டீ குடிக்கப் போகிறவன் வண்டியை நியூட்ரலில் போட்டு, கை பிரேக்கை இறக்கி, சாவியை அப்படியே விட்டுவிட்டு, கண்ணாடியைத் திறந்து வைத்துப் போவான். அவன் இல்லாவிட்டாலும் பின்னால் இருக்கிறவர் அவன் வண்டியையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். நகராத வண்டி இருந்தால் அதை விட்டு அடுத்ததை முன்னால் விடுவோம். முதல் இடம் மட்டும் காலியாக இருக்கவே கூடாது. ஒரு நிமிடம் காலியாக இருந்தாலும் வெளி வண்டி ஏதாவது மூக்கை நுழைத்துவிடும்.

இதை எல்லாம் ஒரு காலத்தில் மீசைதான் ஆண்டார். எட்டு வருடத்துக்கு முன்பே மீசையை எடுத்துவிட்டார், பெயர் மட்டும் முகத்திலேயே ஒட்டிக்கொண்டது. சும்மா சொல்லக் கூடாது, ஆள் திருடர் இல்லை. ஆனால் சட்டம் போடுகிறவர் அவர், அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்கிறவர் அவர், தப்பு என்று சொல்கிறவரும் அவர். எல்லாம் ஒரே வாய். ஒரு நாள் காலை பத்து மணிக்கு, வண்டிக்கு அடியில் படுத்திருந்த நாயை எழுப்ப ஹாரன் அடித்தேன். மீசைக்குத் தலைவலி போலிருக்கிறது. பதினோரு மணிக்கு, வரிசையில் யாரும் ஹாரன் அடிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. பன்னிரண்டு மணிக்கு, பத்து மணிக்கு அடித்த ஹாரனுக்காக எனக்குப் பத்து நாள் தண்டனை. எங்கே போய் முட்டிக்கொள்வது? கேட்டால், "நான் சொன்னா சொன்னதுதான்" என்றார்.

அந்தப் பத்து நாளும் வீட்டில் நான் கத்தியதில் சுவர்ப் பல்லிகூட வெளியேறிவிட்டது. என் மனைவி ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறாள். அங்கே அவளுடைய கம்ப்யூட்டர் திரை தாழ்வாக இருக்கிறதென்று அடியில் ஒரு தடிப் புத்தகத்தை வைத்திருந்தார்கள். என்ன புத்தகம் என்று ஒரு நாள் உருவிப் பார்த்திருக்கிறாள். நாட்டின் அரசியலமைப்புச் சட்டம். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு வேளையில் திரையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு அதைப் படிப்பாள், படித்து முடித்ததும் பழையபடி அடியில் கொடுத்துவிடுவாள். எங்கள் வீட்டில் அரசியலமைப்பு நுழைந்த கதை இவ்வளவுதான்.

அவள் என் கத்தலை எல்லாம் கேட்டுவிட்டு, மீசை கெட்டவர் என்பது இதில் விஷயமே இல்லை என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அசரவில்லை. நாட்டுக்கே சட்டம் போடுகிற இடம் ஒன்று, நடத்துகிற இடம் ஒன்று, சரியா தப்பா என்று சொல்கிற இடம் வேறொன்று. மூன்றையும் ஒரே ஆள் கையில் கொடுத்தால் நீங்களும் மூன்று மாதத்தில் மீசை முளைத்து நிற்பீர்கள் என்றாள். பிறகு ஒரு தாளை எடுத்து வைத்தாள்.

"உங்களுக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்காத ஒருத்தர் நாளைக்குத் தலைவரா வர்றாருன்னு வெச்சுக்குங்க. அவர் கைல மாட்டினா உங்களுக்கு என்னென்ன வேணும்? அதை எழுதுங்க."

எழுதினோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. விதிகளை மாதம் ஒரு முறை எல்லாரும் கூடித்தான் போட வேண்டும். மாற்றுவதென்றால் மூன்றில் இரண்டு பங்குப் பேர் கை தூக்க வேண்டும். தலைவரும் இரண்டு உறுப்பினரும் நடத்த மட்டும் செய்வார்கள், வருடம் ஒரு முறை தேர்தல். வழக்கு என்று வந்தால் அந்த மூன்று பேரும் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்களில் மூன்று பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து உட்கார வைக்க வேண்டும். குற்றம் சொல்லப்பட்டவனிடம் என்ன குற்றம் என்று எழுதிக் கொடுத்து, அவன் பேசுவதைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது. தீர்ப்பு வரும்வரை அவன் இடம் அவனுக்குத்தான். விதி வருவதற்கு முன்னால் செய்த காரியத்துக்குத் தண்டனை கிடையாது. இதை எழுதும்போது ஹாரனை நினைத்து எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஏழாவது விதி, வழக்கில் சம்பந்தப்பட்டவர் தீர்ப்புச் சொல்ல உட்காரக் கூடாது என்பது. மீசையை மனதில் வைத்துக்கொண்டு நான் எழுதியதுதான்.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் அவளுக்குத் தெரியாமல் புகுந்து விளையாடினேன். வரிசை தாண்டினால் முப்பது நாள் வெளியே என்று அவள் எழுதியிருந்தாள். கூட்டத்தில் நான் எகிறி எகிறிப் பேசி, முப்பது நாளாவது ஒன்றாவது, ஒரேயடியாக இடமே கிடையாது என்று மாற்ற வைத்தேன். மீசையின் கைத்தடிகள்தானே தாண்டுவார்கள், தொலையட்டும் என்ற நினைப்பு.

இரண்டாவது விஷயம் சுவர். தாளில் இருந்தால் கிழிப்பார்கள் என்று, வரிசைக்குப் பக்கத்திலிருக்கும் நீளச் சுவரில் பெயிண்டரை வைத்து எழுதுவதாக முடிவு. பெயிண்டரிடம் தாளைக் கொடுத்த அன்று, எல்லாவற்றுக்கும் மேலே என் கையால் ஒரு வரி சேர்த்துக் கொடுத்தேன். 'மீசையின் பேச்சு இனி இங்கே எதற்கும் செல்லாது.' பெயிண்டர் நல்ல சிவப்பில், கொட்டை எழுத்தில் எழுதிவிட்டார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அமிர்தமாக இருந்தது.

மறுநாள் மதியம் என் மனைவி சாப்பாட்டு இடைவேளையில் சுவரைப் பார்க்க வந்தாள். வந்தவள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"பேரைப் போட்டு எழுதினா அது சட்டம் இல்லீங்க. கோபம்."

என் கோபத்தில் என்ன தப்பு என்றேன். கோபத்தில் தப்பு இல்லை, சுவரில்தான் தப்பு என்றாள். இன்றைக்கு அந்த இடத்தில் ஒரு பெயர் எழுதலாம் என்றால், நாளைக்கு அதை அழித்துவிட்டு என் பெயரை எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். பெயிண்டர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு யார் சொல்வது நடக்கும் என்று புரிந்துகொண்டு வெள்ளை பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். ஒரு கோட் அடித்தார். சிவப்பு லேசில் போகுமா? காய்ந்த சுவரில் தெரியாது, ஈரமானால் ரோஸ் நிறத்தில் எட்டிப் பார்க்கும். மழைக்காலத்தில் நான் அதை ரசித்துப் பார்த்ததும் உண்டு, பொய் சொல்வானேன்.

பத்தொன்பது பேரும் கையெழுத்துப் போட்டோம். கடைசியாகப் போட்டவர் மீசை. மணி மணியான கையெழுத்து. அன்றோடு அவர் தலைமை முடிந்தது, நான் அவரை 'அண்ணே' என்று கூப்பிடுவதையும் நிறுத்தினேன். கூப்பிடுவதையே நிறுத்தினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம், ஒரே வரிசையில் நின்றும் ஒரு பேச்சு கிடையாது.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன்.

வரிசையில் ஒரு தம்பி புது வண்டி வாங்கினான். அன்றிலிருந்து அவன் பெயரே புதுவண்டி. சீட்டில் பிளாஸ்டிக் உறை, சாவி என்று ஒன்றே இல்லை, பொத்தானை அழுத்தினால் ஓடும். வாங்கி நான்காவது நாள் மதியம், வரிசையில் அவன் வண்டி மூன்றாவது, என் வண்டி நான்காவது. அவன் முதலில் டீ குடிக்கப் போனான், நானும் பின்னாலேயே வேறு கடைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் என் வண்டி முதல் இடத்தில் நிற்கிறது! பக்கத்தில் ஒரு அம்மா பெட்டியோடு நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். நீண்ட தூரச் சவாரி. பின்னால் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிப் பறந்துவிட்டேன். அதிர்ஷ்டம் அடிக்கிறபோது ரசீது கேட்பதா?

சாயங்காலம் வந்தால் வரிசையே கொதிக்கிறது. புதுவண்டி அழாத குறையாக நிற்கிறான். மூன்றாவதாக நின்ற அவனைத் தாண்டிக்கொண்டு நான் முன்னால் போய்விட்டேனாம். நியூட்ரலில்தான் விட்டுப் போனேன் என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சொல்கிறான். அப்படியானால் முன்னால் இரண்டு வண்டி கிளம்பியதும் அவன் வண்டியும்தானே நகர்ந்திருக்க வேண்டும்? அது நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது, என்னுடையது மட்டும் எப்படி முதலுக்குப் போனது? தெரியாது என்றேன். நானே கேட்டாலும் நம்பமாட்டேன், அப்படி ஒரு பதில் அது.

தலைவர் அப்போது கண்ணாடி. மூக்குக்கண்ணாடி போட்ட சாது. பதவிக்கு வருவதற்கு முன் அவர் தும்மினால்கூட மன்னிப்புக் கேட்பார். தலைவரான ஆறாவது மாதம் குரலே மாறிவிட்டது. என்னைப் பார்த்து, "வண்டியை எடு. இனிமே இங்க உனக்கு இடம் இல்ல" என்றார்.

எனக்குப் பேச்சே எழவில்லை என்று நினைத்தீர்களா? அது என்னிடம் நடக்காது. அவர் கையைப் பிடித்துச் சுவருக்கு இழுத்துப் போனேன். ஒவ்வொரு வரியாகப் படிக்க வைத்தேன். எழுதிக் கொடுத்தீரா, என்னைப் பேச விட்டீரா, தீர்ப்பு வந்ததா, நீர் யார் தீர்ப்புச் சொல்ல என்று நான் கேட்டதில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அசடு வழிய, தீர்ப்பு வரும்வரை நின்றுகொள் என்றார். புதுவண்டி முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் பாவம், விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று அவனும் தலையாட்டினான்.

ஒரு வாரம் தவணை. அந்த ஒரு வாரத்தில் நான் பிடிக்காத கால் இல்லை. யாராவது பார்த்தீர்களா, யாராவது தள்ளினீர்களா என்று ஒவ்வொருத்தனாகக் கேட்டேன். அந்த நேரம் ஒருத்தன் சாப்பாட்டில் இருந்தான், ஒருத்தன் சவாரியில் இருந்தான், தூங்குமூஞ்சி தூக்கத்தில் இருந்தான். எல்லாரையும் கேட்டேன், ஒருத்தரைத் தவிர. அவரிடம் போய்க் கேட்பதற்கு நான் வண்டியை விற்றுவிடலாம். புதுவண்டி வேறு அந்த வாரம் முழுக்க வண்டியை விட்டு இறங்கவே இல்லை. இறங்கினால் யாராவது தாண்டிவிடுவார்கள் என்ற பயத்தில் டீயைக்கூட ஸ்டீரிங்கில் சாய்ந்தபடி குடித்தான்.

இந்த நிலையில்தான் சீட்டில் மீசை வந்தார்.

வீட்டுக்கு ஓடினேன். மீசையை மாற்ற ஏதாவது வழி சொல், பகை இருக்கிறவர் உட்காரக் கூடாது என்று ஏழாவது விதியில் எழுதினோமே என்று கேட்டேன். அப்படி எழுதத்தான் நான் சொன்னேனாம், அவள் எடுத்துவிட்டாளாம்.

"உங்களுக்குப் பகை இல்லாதவங்களா பாத்து உக்கார வைக்கணும்னா, அடுத்த ஊர் ஸ்டேஷன்லேருந்துதாங்க ஆள் பிடிக்கணும்."

சம்பந்தப்பட்டவர் என்றால் அந்தச் சம்பவத்தில் சம்பந்தப்பட்டவர் மட்டும்தான் என்று விளக்கினாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, இடம் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். பதினாறு வருடம் ஒரே வாசலில் நின்றவனுக்கு வேறு எந்தத் தெரு தெரியும்? அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. அதுவும் நானே எகிறி எகிறிப் போட வைத்த தண்டனை. முப்பது நாள் என்று அவள் எழுதியதை அப்படியே விட்டிருந்தால் ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருப்பேன்.

விசாரணை மூன்று மணிக்கு. அந்த நேரம் ரயில் குறைவு. சுவருக்கு எதிரே இருக்கும் சிமெண்ட் பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். காலையில் ஒரு தூறல் போட்டிருந்ததால் சுவர் இன்னும் ஈரம். மீசை நடுவில். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மெல்லத்தான் உட்கார்ந்தார். பழைய தோரணை என்று நான் மனதுக்குள் கறுவினேன். என் மனைவி அலுவலகத்தில் அரை நாள் விடுப்புப் போட்டு வந்து என் வண்டியில் சாய்ந்து நின்றாள்.

கண்ணாடி புகாரைப் படித்தார். தேதி, நேரம், புதுவண்டி நின்ற இடம், என் வண்டி நின்ற இடம். படித்து முடிப்பதற்குள் மீசை எழுந்துவிட்டார்.

நான் இங்கே உட்கார முடியாது என்றார்.

சரிதான், என்னை விசாரிப்பதே அவருக்கு அசிங்கமாக இருக்கிறது போல என்று எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வாயைத் திறந்தேன். என் மனைவி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். கண்ணாடி, உட்காருங்கள், சீட்டில் வந்தால் உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்றார்.

"ஏழாவதைப் படிங்க."

கண்ணாடி திரும்பிச் சுவரைப் பார்த்துப் படித்தார். வழக்கில் சம்பந்தப்பட்டவர் தீர்ப்புச் சொல்ல உட்காரக் கூடாது.

"அன்னைக்குப் பட்டாசு வண்டியைத் தள்ளினது நான்தான். சாட்சி சொல்ல வேண்டியவன் எப்படித் தீர்ப்பு சொல்றது?"

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் மட்டும் பேசவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை என்று என் மனைவி பிறகு சொன்னாள்.

மறுபடி பிஸ்கட் டப்பாவைக் குலுக்கி மூன்றாவது ஆளை எடுத்தார்கள். அவன் வந்து உட்கார்ந்ததும் மீசை எதிரே நின்றுகொண்டு சொன்னார். அன்றைக்கு அவர் வண்டி எனக்குப் பின்னால், ஐந்தாவது. முன்னால் இரண்டும் கிளம்பிவிட்டன. ரயில் வருகிற நேரம், முதல் இடம் காலி, சுற்றிலும் யாரும் இல்லை. புதுவண்டியைத் தள்ளிப் பார்த்தார், பாறை மாதிரி நின்றது. தள்ளித் தள்ளி இடுப்புதான் பிடித்துக்கொண்டது. நகராத வண்டியை விட்டு அடுத்த வண்டியை முன்னால் விடுவதுதானே எப்போதும் வழக்கம்? அதனால் என் வண்டியை அவர் ஒருவராகவே சுற்றித் தள்ளிக்கொண்டு போய் முதல் இடத்தில் விட்டார். பிறகு நிமிர முடியாமல் வீட்டுக்குப் போய் மூன்று நாள் படுத்துவிட்டார்.

புதுவண்டி எழுந்து நின்று, நியூட்ரலில்தான் விட்டேன், என் பிள்ளை மேல் சத்தியம் என்றான். பொய் சொல்கிறவன் குரல் இல்லை அது, எனக்கே தெரிந்தது.

தூங்குமூஞ்சி அப்போதுதான் முழுசாக விழித்தான். ஏன் வாயால் பேசிக்கொண்டு, வண்டி இங்கேதானே நிற்கிறது என்றான். புதுவண்டியை வண்டியில் ஏறச் சொன்னான், அன்றைக்குச் செய்த மாதிரியே செய்யச் சொன்னான். அவன் ஏறி, நியூட்ரலில் போட்டு, பொத்தானை அழுத்தி இன்ஜினை அணைத்து, இறங்கிக் கதவைச் சாத்தினான். வண்டிக்கு அடியிலிருந்து 'க்ர்ரக்' என்று ஒரு சத்தம்.

எட்டு பேர் தள்ளினோம். அசையவில்லை. புதுவண்டியின் வாய் திறந்தபடியே இருந்தது. அந்தப் பாழாய்ப் போன புது வண்டி, இன்ஜினை அணைத்தால் தானாகவே பிரேக்கைப் போட்டுக்கொள்கிறது! விற்றவர்கள் அதை ஒரு வசதி என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். கை பிரேக்கை இறக்கிவிட்டு டீ குடிக்கப் போகிற ஊர் ஒன்று உண்டு என்று அந்த வண்டியைச் செய்தவனுக்கு எப்படித் தெரியும்? பாவம், அவனுக்கு வரிசை தெரியாது.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. மூன்று பேரும் தலையைச் சேர்த்துப் பேசிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள். பட்டாசு தாண்டவில்லை, இடம் அவனுக்கே. புதுவண்டியும் பொய் சொல்லவில்லை, அவன் மேலும் குற்றம் இல்லை. புதுவண்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்கண்ணே" என்றான். என்னைவிட அவனுக்குத்தான் பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது.

எல்லாரும் கலைந்தபின் மீசை மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். போய் நின்றேன். நன்றி சொல்லத்தான் போனேன். முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று ஏதோ உளறினேன்.

"நாலாம் நாள் வந்தேன். நீ ஒவ்வொருத்தர்கிட்டயா கேட்டுட்டு வந்தே. அடுத்தது என்கிட்டதான்னு பாத்தேன். என் வண்டி கிட்ட வந்ததும் தாண்டிப் போயிட்டே."

வரிசை தாண்டியது அங்கேதான் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அவர் சுவரைப் பார்த்தார். ஈரச் சுவரில், எல்லா விதிகளுக்கும் மேலே, வெள்ளைக்கு அடியிலிருந்து அந்த ரோஸ் எழுத்து நன்றாகவே தெரிந்தது.

"மழைன்னா நல்லா தெரியுதுப்பா. ரெண்டு வருஷமா படிக்கறேன்."

எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"உன் வீட்டுக்காரி மட்டும் அன்னைக்கு அதை அடிக்கச் சொல்லலேன்னா, இன்னைக்கு நான் சொன்னது எதுவும் செல்லாது. இல்ல?"

குத்திக்காட்டுகிற குரலில் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் வந்திருக்கும். அவர் சாதாரணமாக, கணக்குச் சரிபார்க்கிறவர் மாதிரி கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து தன் வண்டிக்குப் போனார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், 'நான் அப்பவே சொன்னேனா இல்லையா' என்று என் மனைவி ஆரம்பிப்பாள் என்று காதைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவள் ஆரம்பிக்கவில்லை. பெயிண்டரின் போன் நம்பர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த கூட்டத்தில் இரண்டு திருத்தம். தானாகப் பிரேக் போடும் வண்டிக்காரர் வரிசையில் இருந்து நகர்ந்தால், தனக்குப் பதில் வண்டியை நகர்த்த ஒருத்தரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது ஒன்று. வரிசை தாண்டினால் இடமே கிடையாது என்பதை முப்பது நாளாகக் குறைப்பது இன்னொன்று. இரண்டாவதை எழுந்து முன்மொழிந்தவன் நான். அப்போது யாரும் சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். மூன்றில் இரண்டு பங்குக்குப் பதின்மூன்று கை வேண்டும். பதினெட்டு கை எழுந்தது. தூங்குமூஞ்சி தூங்கிவிட்டான்.

மறுநாள் காலை பெயிண்டர் வந்தார். திருத்தத்தை எழுதி முடித்து, தூரிகையைக் கழுவப் போனவரை நிறுத்தினேன். வெள்ளை டப்பாவை வாங்கிக்கொண்டு நானே ஏணியில் ஏறினேன். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த அந்த ரோஸ் வரி மீது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நிறுத்தி நிதானமாக ஒரு கோட் அடித்தேன். சட்டையெல்லாம் வெள்ளை. கீழே வரிசையே வேடிக்கை பார்த்தது.

இறங்கப் போனபோது கீழேயிருந்து குரல் வந்தது. மீசை தன் வண்டியின் கண்ணாடியை இறக்கிவிட்டு, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு கோட் அடிப்பா. ஈரத்துல இங்கேருந்து இன்னும் தெரியுது."

"அடிக்கறேண்ணே" என்றேன். இரண்டு வருடம் கழித்து அந்தச் சொல் வாயில் வந்ததை நான் கவனிக்கவே இல்லை, ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பெயிண்டர் சொல்லித்தான் தெரியும். மொத்தம் மூன்று கோட் அடித்தேன்.